மேஸ்திரிக்கு ஊர் போட்ட பாடு

மூன்று வருடங்களுக்கு முன்னால், கார்த்திகை மழை விட்டு ஏரியில் இறால் நன்றாகப் படத் தொடங்கிய நேரத்தில் நடந்தது இது. பழவேற்காட்டில் பசியாவரத்துக்கு எதிர்க்கரையில் எங்கள் குப்பம். நான் மீஞ்சூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். வீட்டில் நானும் நைனாவும்தான். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஏரியில் வலை கட்டுகிறவர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான், முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு செவலைப் பூனை, கடுவன். மீன் ஏலம் போடும் இடத்தில் தராசுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எடையைச் சரிபார்ப்பதுபோல முள்ளையே பார்க்கும். அதனால் மேஸ்திரி என்று பெயர் வந்துவிட்டது. படுக்கை எங்கள் வீட்டில், சாப்பாடு ஊர் முழுக்க. ஒரு வீட்டில் மீன்குழம்புச் சோறு, அடுத்த வீட்டில் பால்சோறு, டீக்கடை பாய் கடையில் பாலில் நனைத்த பிஸ்கட். தூக்கினால் கை வலிக்கும் அளவுக்குக் கொழுத்துக் கிடந்தது.

அந்த மேஸ்திரி திடீரென்று இளைக்க ஆரம்பித்தது. தின்பது குறையவில்லை, உடம்பு மட்டும் கரைந்தது. மீன் கழுவும் வாளியில் தலையை விட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தது. பின்னங்கால் பலம் போய், குதிகால் தரையில் பட இழுத்து இழுத்து நடந்தது. கண்ணேறு என்று சொல்லி எதிர்வீட்டு அக்கா மிளகாய் சுற்றிப் போட்டார். நான் அதை ஒரு கட்டைப் பையில் உட்காரவைத்துப் பொன்னேரிக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர், என் வயதுதான் இருக்கும். காதில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சக்கரை வியாதி என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீட்டரில் நானூற்றுக்கு மேல் காட்டியதைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது. இப்படியே விட்டால் பூனை பிழைக்காது, காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். சோறு, பால், பிஸ்கட் எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தி, நேரத்துக்கு ஊசியும் போட்டால் சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போய்விடுமாம். எல்லாப் பூனைக்கும் அப்படி நடக்காது, ஆனால் முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். மேஸ்திரியை ஊசியிலிருந்து மீட்டே தீருவது என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன்.

காலை ஆறரைக்கும் மாலை ஆறரைக்கும் முள் எடுத்த மடவை மீனோ கோழிக்கறியோ உப்பில்லாமல் வேகவைத்து அளவாக வைப்பேன். அது தின்னும்போதே கழுத்துத் தோலைத் தூக்கி ஊசி போட்டுவிடுவேன். ஊசி பழகிவிட்டது. காது நுனியில் குத்திச் சக்கரை பார்ப்பதும் பழகிவிட்டது. ஊரைப் பழக்குவதுதான் முடியவில்லை.

நான் ஏழு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் திரும்பும்போது ஆறேகால் ஆகிவிடும். அதுவரை மேஸ்திரி வழக்கம்போல வீடு வீடாகப் போய் முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு உட்காரும். யாருக்குத்தான் மனசு இளகாது? சக்கரை இறங்கவே இல்லை. டாக்டர் மருந்தை ஒரு யூனிட்டிலிருந்து இரண்டாக்கினார், பிறகு மூன்றாக்கினார். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கெஞ்சினேன், பிறகு கத்தினேன். பூனைக்கு மணி கட்டுவது யார் என்பார்கள், நான் அட்டையே கட்டினேன். 'எனக்குச் சக்கரை. எதுவும் போடாதீர்கள்' என்று எழுதி அதன் கழுத்தில் மாட்டிவிட்டேன். அதைப் படித்தவர்கள், ஐயோ பாவம், பட்டினி போடுகிறாள் போல என்று இன்னும் ஒரு கவளம் போட்டார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கண்ணால் பார்த்துவிட்டேன். டீக்கடை பெஞ்சுக்கு அடியில் மேஸ்திரி, அதன் முன்னால் தட்டில் ஊறிய பிஸ்கட். பாய் அறுபது வயதுக்காரர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பாய், நீங்க கொல்றதுக்குன்னே போடறீங்களா?"

"வாயில்லா ஜீவன்மா. வந்து நின்னா இல்லேன்னு எப்படிச் சொல்றது? அது உன் பூனை மட்டுமா? ஊர்ப் பூனை."

"ஊர்ப் பூனைன்னா ஊரே பாடு போட்டுப் பாத்துக்குங்க!" என்று கத்திவிட்டேன்.

கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலைந்து பேரும் சட்டென்று என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் ஊரில் அது சும்மா வாயில் வரக்கூடிய வார்த்தை இல்லை. பாடு என்றால் ஏரியில் மீன்பிடிக்கும் முறை. இன்றைக்கு இந்த இடத்தில் வலை கட்டும் உரிமை யாருக்கு, நாளைக்கு யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். இறால் கொட்டினாலும் சரி, வலை வெறுமனே வந்தாலும் சரி, அடுத்தவர் பாட்டில் ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பார்கள், ஆனால் பாடு தவற மாட்டார்கள். மீறினால் ஊர் கூடிவிடும். அதில் பங்கு வலை கட்டும் குடும்பத்து ஆண்களுக்கு மட்டும்தான். என்னைப்போன்ற பெண்களுக்குக் கிடையாது, ஏரியில் இறங்காத பாய்க்கும் கிடையாது. ஒற்றைப் பெண்ணைப் பெற்ற என் நைனாவின் பங்கு அவரோடு சரி.

நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. பூனைக்கெல்லாம் பாடா, விளையாட்டா போச்சா என்று வீட்டில் குதித்தார். ஆனால் பாடு எழுதுகிற பெரியவர் அன்று டீக்கடையில்தான் இருந்தார். அவருடைய வீட்டிலும் மேஸ்திரிக்குத் தினம் ஒரு வாய் சோறு உண்டு. அடுத்த ஞாயிறு சாயங்காலம் அவரே ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்து நின்றார். "போட்டா ஒழுங்கா போடணும். சீட்டு எழுது" என்றார்.

பதினோரு வீடு சேர்ந்தது. சீட்டை உருட்டி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கினோம். எதிர்வீட்டு அக்கா, ஐஸ் உடைக்கும் அக்கா, நான், பாய் என்று எல்லோருடைய பெயரும் நோட்டில் ஏறியது. ஒரு நாளைக்கு ஒரு வீடு. அன்றைக்குப் பாடு யாருக்கோ அவர்தான் இரண்டு வேளைக்கும் மீனோ கறியோ வேகவைத்துக் கொண்டுவர வேண்டும், பகல் முழுக்கப் பூனை மேல் ஒரு கண் வைக்க வேண்டும். மற்றவர்கள் ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. சோறு, பால், பிஸ்கட், சக்கரை யார் பாட்டிலும் கிடையாது. இதை நானே பெரிய எழுத்தில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டினேன். பாய்க்கு மூன்றாவது நாள் விழுந்தது. நாற்பது வருஷமாக ஏரிக்கரையில் கடை போட்டிருக்கிறேன், என் பெயர் பாட்டில் வருவது இதுதான் முதல் தடவை என்று போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நாளில் சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு, மூடிபோட்ட டிபன் டப்பாவில் கோழிக்கறி கொண்டுவந்தார்.

நான் கெஞ்சியும் கத்தியும் நடக்காதது நோட்டில் எழுதியதும் நடந்தது. ஒருவரும் மீறவில்லை. மேஸ்திரி எந்த வாசலில் போய் நின்றாலும், இன்னிக்கு என் பாடு இல்லடா, போடா என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு வாரத்தில் சக்கரை இருநூற்றைம்பதுக்கு வந்தது. பிறகு இன்னும் இறங்கியது. டாக்டர் மருந்தை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார். இறங்க ஆரம்பித்தால் மளமளவென்று இறங்கிவிடும், காலையில் காதில் குத்திப் பார்க்காமல் ஊசி போடவே கூடாது என்று என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அப்போது தலைகால் புரியாத சந்தோஷம்.

மாசி மாதத்தில் ஒரு நாள் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. பஸ்ஸை விட்டால் அரை நாள் சம்பளம் போய்விடும். பாய் கறியோடு வந்து வாசலில் நிற்கிறார். மீட்டரை எடுக்க வேண்டும், ஊசி மாற்ற வேண்டும், மேஸ்திரியைப் பிடிக்க வேண்டும். நேற்று நன்றாகத்தானே இருந்தது என்று நினைத்து, சக்கரை பார்க்காமலே இரண்டு யூனிட்டையும் போட்டுவிட்டு ஓடினேன்.

ஒன்பதரை மணிக்கு கேன்டீனில் டீயைக் கையில் எடுக்கும்போது போன் அடித்தது. பாய்தான்.

"ம்மா, மேஸ்திரி ஒரு மாதிரி கீதும்மா. தள்ளாடிக்கினு வந்து கடை வாசல்ல சாஞ்சிடுச்சு. கூப்பிட்டா திரும்பல, உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஊசி அதிகமாகிச் சக்கரை கீழே போய்விட்டது. உடனே சக்கரையைத் தண்ணீரில் கரைத்து அதன் ஈறில் விரலால் தடவுங்கள் என்றேன்.

 பாய் மெதுவாகச் சொன்னார். "சக்கரையாம்மா? சக்கரை கூடாதுன்னு நீயே எழுதி ஒட்டிக்கிறியே. இன்னிக்கு என் பாடு. என் கையால மீற மாட்டேன். பெரியவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

பெரியவர் அந்த நேரத்தில் ஏரி நடுவில் இருப்பார். டீக்கடையில் சக்கரை டப்பா பாயின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மேஸ்திரி அவர் காலடியில் இழுத்துக்கொண்டு கிடக்கிறது. நான் கத்தினேன், திட்டினேன். அவர் அசையவில்லை. என்னைவிடப் பாட்டுக்கு அதிக மரியாதை கொடுத்தார். கத்திப் பிரயோஜனமில்லை என்று தெரிந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பாய், தப்பு என்னுது. காலைல சக்கரை பாக்காமலே ஊசி போட்டுட்டேன். நீங்க பாட்டை மீறல, நான்தான் மீறிட்டேன். ஊரு முன்னாடி நானே சொல்றேன். தடவுங்க பாய், செத்துடும்."

கேன்டீனில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் டப்பா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சில நிமிஷங்கள் இன்னும் என் காதிலேயே இருக்கின்றன. "நக்குதும்மா... விரலை நக்குது" என்று பாய் சொன்னதும், பொன்னேரி டாக்டரிடம் தூக்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

பாய் கடையை மூடிவிட்டு, பன் வரும் பிளாஸ்டிக் டிரேயில் மேஸ்திரியைப் படுக்கவைத்து, மகனுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பொன்னேரிக்கு வந்துவிட்டார். நான் மீஞ்சூரில் ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. சாயங்காலம்வரை வைத்திருந்து பார்த்துவிட்டு மருந்தை அரை யூனிட்டாகக் குறைத்தார். அதன்பிறகு ஒரு வேளைகூட நான் காதில் குத்தாமல் ஊசியைத் தொடவில்லை. பங்குனி கடைசியில் ஊசியை நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நிறுத்தினோம். ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம். மீட்டரில் நூறு, நூற்றுப்பத்து. பின்னங்கால் பழையபடி ஊன்ற ஆரம்பித்தது. மேஸ்திரி தராசுக்குப் பக்கத்தில் எம்பி ஏறிய அன்று ஏலத்தையே நிறுத்திவிட்டு எல்லோரும் கைதட்டினார்கள்.

அந்த ஞாயிறு டீக்கடையில் எல்லோருக்கும் டீ. டாக்டரே ஆச்சரியப்பட்டாராமே, வீட்டுக்கு ஒரு பெண் இப்படி இருக்கணும் என்றெல்லாம் என்னைப் புகழ்ந்தார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாய் மட்டும் ஒன்றும் சொல்லாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நடந்ததை இரண்டு மாதமாக அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. பூனை பூச்சி எதையோ தின்று மயங்கிவிட்டது என்று மற்றவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.  எழுந்து நின்று, அன்று நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

 நைனா தலையைக் குனிந்துகொண்டார். சரி விடும்மா, பூனை பிழைச்சிடுச்சில்ல என்று எதிர்வீட்டு அக்கா இழுத்தார். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. நோட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார். "பாட்டுல தப்பு பண்ணா ஒரு சுத்து பாடு இல்லாம நிக்கணும். ஆம்பளைக்கு இன்னாவோ, அதான் உனக்கும்" என்றார்.

ஊசி இல்லாமல் மேஸ்திரி இப்போதும் நன்றாக இருக்கிறது. சக்கரை திரும்பவும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதால் மாதம் ஒருமுறை காதில் குத்திப் பார்க்கிறேன், சாப்பாட்டுப் பாடும் அப்படியே நடக்கிறது. ஒரு பூனையைச் சாவிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தேன் என்ற பெருமை எனக்கு நிறையவே உண்டு, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு சுற்று, பதினோரு நாள், என் முறை வந்தும் கறி வேகவைக்காமல் வாசலில் கைகட்டி நின்றேனே, அப்போது வந்த பெருமை வேறு. எங்கள் குப்பத்தில் பாட்டில் தப்பு செய்து நிறுத்திவைக்கப்பட்ட முதல் பெண் நான், நிறுத்திவைக்க வேண்டுமென்றால் முதலில் அந்த நோட்டில் ஒரு இடம் இருந்திருக்க வேண்டும் அல்லவா?