மாடம்பாக்கத்தில் வாங்கிய ஸ்பீக்கர்

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். இது போன ஆவணியில் தாம்பரத்துப் பக்கம் நடந்தது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றபடி ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தீபா மேடைப் பாடகி, வீடு சேலையூரில். கணவன் மோகன்ராஜ் கீபோர்டு வாசிப்பான். பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் என்று இருவருமாகப் போய்ப் பாடிவிட்டு வருவார்கள். சித்திரையில் அவள் தொண்டையிலிருந்து ஒரு கட்டியை எடுத்திருந்தார்கள். இனி கத்திப் பாடினால் குரலையே மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பாட்டு போனால் நான் இருந்து என்ன பிரயோஜனம் என்று அவள் அழாத நாளில்லை. அதனால் மெல்லப் பாடினாலும் கணீரென்று கேட்கிற, பேட்டரியில் ஓடுகிற, ஒரே ஆள் மாடிக்குத் தூக்கிப் போகக்கூடிய ஸ்பீக்கராகத் தேடினார்கள். கடை கடையாக ஏறி இறங்கியதுதான் மிச்சம். ஒன்றில் இசை இடி இடித்தது, குரல் அமுங்கியது. இன்னொன்றைத் தூக்கினால் இடுப்பு கழன்றுவிடும்.

கடைசியில் மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டில் பழையது இருப்பதாகத் தெரிந்து போனார்கள். ஞாயிற்றுக்கிழமை, மதியம் 3.10. விற்றவர் பெயர் அப்பாதுரை.

"மைக் இன்னாத்துக்குமா? போன்ல பாட்டு போட்டுக் கேளு, போதும்" என்றார்.

பாடுகிறவள் மைக் போட்டுப் பார்க்காமல் வாங்குவாளா? தீபா மைக்கைச் செருகினாள். மனுஷன் விருட்டென்று எழுந்து தெருவுக்கே போய்விட்டார்.

அவள் பாடத் தொடங்கும் முன் ஸ்பீக்கரில் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அவள் மூச்சை இழுத்தாள். குரல் அவ்வளவு அழகாக வந்தது... ஆனால் ஒவ்வொரு வரியும் அவள் உதடு திறக்க ஒரு நொடி முன்பே வந்தது.

"ஏங்க, எக்கோ வெச்சிருக்கா?"

"இல்லையே. ஏன், சூப்பராத்தானே இருக்கு?"

எக்கோ என்றால் பின்னால் வரும். இது முன்னால் வந்தது. ஆனாலும் தொண்டை துளிகூட வலிக்கவில்லை. அந்த ஆசையில், அப்பாதுரை திரும்பி வந்ததும் தீபா வேறொன்றும் கேட்காமல் வாங்கிக்கொண்டாள். பாவம்.

வெள்ளிக்கிழமை நாவலூரில் ஒரு அபார்ட்மெண்டில் பிறந்தநாள் விழா. மாலை 6.40க்கு ஆரம்பித்தார்கள். மூன்றாவது பாட்டில், சரியாக 7.05க்கு, தொண்டையில் முள் குத்தியது போல வலித்தது. பல்லவியோடு குரல் கம்மிவிட்டது.

மேடையில் ஒரு வழக்கம் உண்டு. முடியாதபோது பக்கத்தில் நிற்கும் பாடகிக்குக் கைகாட்டி விட்டுக்கொடுப்பார்கள். வாங்கியவர்தான் பாடி முடிக்க வேண்டும். இடையில் திரும்பக் கேட்கக் கூடாது.

அன்று பக்கத்தில் யாருமில்லை. ஸ்பீக்கர்தான் நின்றது. பத்து வருஷப் பழக்கம்... கை தானாக அந்தப் பக்கம் நீண்டது.

"சரணம் நீங்க எடுத்துக்கோங்க" என்றாள்.

எடுத்துக்கொண்டது.

அவள் குரலேதான். அவள் உதடுகள் மூடியிருந்தன. மைக் தொங்கிய கையில் இருந்தது. பாட்டு நிற்கவில்லை.

மோகன்ராஜ் குனிந்து வாசித்துக்கொண்டிருந்தான். கூட்டம் கைதட்டியது. பயத்தில் அவள் மைக்கை உயர்த்தி உதட்டை மட்டும் அசைத்தாள்.

7.09க்குப் பாட்டு முடிந்தது. தொண்டையில் வலி போயிருந்தது. அதன்பின் வரவே இல்லை.

மூன்று வாரம் கழித்து வழக்கமான சோதனைக்கு டாக்டரைப் பார்க்கப் போனார்கள். மூக்கு வழியாகச் சின்னக் கேமராவை விட்டுப் பார்த்தவர் அதை எடுத்துவிட்டு இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார்.

"எத்தனை நாளா பேச்சு வரலை?" என்று மோகன்ராஜைக் கேட்டார்.

"நல்லாப் பேசுறாளே சார்."

டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். குரல் நாண் இரண்டும் விலகி அசையாமல் நின்றன.

"இதுல மூச்சு போகும். சத்தம் வராது. வரவே முடியாது."

தீபா டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சார், காப்பாத்துங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"அப்படியா சார். பரவாயில்லை. நாங்க வர்றோம்" என்றது அவள் குரல்.

அவள் மேஜையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினாள்.

பேசுறது நான் இல்லைங்க.

மோகன்ராஜ் அதைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணில் தாரை தாரையாக நீர்.

"என்ன தீபா இது?"

"சும்மா எழுதினேங்க" என்றது குரல். சிரித்தது.