கரைவேட்டிச் சடுகுடு

நண்பனின் தோள் எலும்பு 'மளுக்' என்று ஒடிந்த சத்தத்தோடுதான் எனக்கு அந்த யோசனையும் வந்தது.

திருவான்மியூர் கடற்கரையில் ஞாயிறுதோறும் சடுகுடு ஆடுவோம். முன்பெல்லாம் இரண்டிரண்டு பேராகத் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வந்து, "புலி வேணுமா, புயல் வேணுமா?" என்று அணித் தலைவர்களைக் கேட்போம். கேட்ட பெயருக்கு உரியவன் அந்தப் பக்கம் போவான். நாங்கள் எல்லோரும் இருந்த அரசியல் கட்சி இரண்டாக உடைந்ததும் அதெல்லாம் போயிற்று. வேட்டியில் எந்தக் கட்சிக் கரை என்று பார்த்தே அணி பிரிந்தோம்.

அன்று நண்பன் மூச்சுப் பிடித்து எதிரணிக்குள் போனான். ஐந்து பேர் அமுக்கினார்கள். பாட்டு நின்று மூச்சை விட்டுவிட்டான், ஆட்டப்படி அவன் அவுட். ஆனாலும் அவர்கள் பிடியை விடவில்லை. அவர்கள் தலைவன், குப்பத்து மீனவன், நண்பனின் கையை முதுகுக்குப் பின்னால் திருகினான்.

"இன்னா நைனா, உன் தலீவர கூப்புடு, வந்து தூக்கிக்கினு போவட்டும்!"

எங்கள் ஆள் ஒருவன் துடுப்பை எடுத்து அவன் மண்டையில் போட்டான். கண்ணில் ரத்தம் வழிய அவன் சிரித்துக்கொண்டே திருகினான்.

நண்பனுக்கு இனி வலது கை தூக்க வராதாம். அடுத்த ஞாயிறுக்கு எங்கள் பக்கம் சைக்கிள் செயின் சேர்க்கிறார்கள். "காலேஜ் படிக்கிற பையன், நீ கம்முனு இரு மச்சி" என்கிறார்கள்.

எப்படி இருப்பது? ஒவ்வொரு அணியிலும் இரண்டு கட்சிக்காரனும் கலந்து நின்றால் யார் கையை யார் திருகுவது? பழையபடி பெயர் வைத்தே பிரிக்கலாம் என்று அந்த மீனவனிடமே கேட்கப் போகிறேன். அவன் குடிசை வாசலில் கட்டையோடு ஆட்கள் காவலாம். சாயங்காலம் பின்பக்கமாக, வலை காயப்போடும் மணல் வழியாகப் போய்ப் பார்க்கிறேன்.