கன்று வீசிய மாடும் நைனாவின் டாக்டரம்மாவும்

பிச்சாட்டூர் மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு டாக்டரம்மா வந்த பிறகு, நைனா (அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) என்னிடம் போனில் பேசுவதெல்லாம் அவளைப் பற்றித்தான் என்றாகிவிட்டது. "தெலுங்குப் பொண்ணும்மா. தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுது. என்னியும் நைனான்னுதான் கூப்டுது." அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு முறை சொன்னார்.

நானும் கால்நடை மருத்துவம் படித்தவள்தான். ஆனால் எனக்கு வேலை திருப்பதியில், ஒரு நோய் கண்டறியும் ஆய்வகத்தில். பல ஊர்களிலிருந்து குழாய்களில் வரும் ரத்தம், பால், சீழ் இவற்றில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது. எனக்கு சீட் கிடைத்தபோது, இனி வீட்டிலேயே ஒரு மாட்டு டாக்டர் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவர் நைனா. "அப்போ நீ ஊசியே போட மாட்டியா?" என்று ஒரு நாள் கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது எனக்கு அதிகமாக வலித்தது.

எங்கள் வீட்டு ஜெர்சி கலப்பு மாடு நிறைசினையில், மாதம் முடியுமுன்பே செத்த கன்றை வீசிவிட்டது. நைனா முதலில் அந்த டாக்டரம்மாவைத்தான் கூப்பிட்டார். எனக்குச் செய்தி மறுநாள்தான் வந்தது. "நச்சுக்கொடி விழாம நின்னுபோச்சி. மழையில நனைஞ்சிக்கினே வந்து, கையவுட்டு எடுத்துட்சிம்மா அது. இன்னா தைரியம்!"

"கையுறை போட்டிருந்தாங்களா?"

"போட்டுக்கினுதான் இருந்திச்சி. பாதியில கிழிஞ்சி போச்சி. அதுக்குன்னு வுட்டுடுமா?"

சோப்புப் போட்டுக் கழுவினாளா என்று கேட்டேன். நைனா சிரித்தார். அவர் குரலில் இருந்த பெருமை, நான் தங்கப் பதக்கம் வாங்கிய நாளில்கூட இருந்ததில்லை.

அவள் சோதனைக்கு அனுப்பிய ரத்தமும் நச்சுக்கொடித் துண்டும் என் மேஜைக்கே வந்தன. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் ஒரு சொட்டும், சோதனைக்கான ரோஸ் நிறக் கலவையில் ஒரு சொட்டும் விட்டுக் கலக்கினேன். ரவை போலத் திரிந்தது. நச்சுக்கொடியிலிருந்து எடுத்த பூச்சைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் கூட்டம் கூட்டமாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். கிராம் சாயத்தில் ஊதாவைக் கழுவ விட்டுவிட்டுச் சிவப்பை மட்டும் பிடித்துக்கொள்ளும் இனம். புரூசெல்லா. கன்று வீச்சு நோய். மாட்டிடமிருந்து மனிதருக்கும் வரும்.

அவளுக்கு முதல்முறையாகப் போன் செய்தேன். அவள் இதை யோசித்திருக்க மாட்டாள் என்று ஒரு ஆசை எனக்கு.

"அவுனு அக்கா, ஆமா, நானும் அதேதான் நினைச்சேன்" என்றாள். மாட்டைத் தனியாகக் கட்டச் சொல்லியாயிற்று. வீசிய கன்றைச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாயிற்று. காய்ச்சாத பாலை யாரும் தொடக் கூடாது, மாட்டை விற்று யார் தலையிலும் கட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டாள். "நைனாகிட்ட ரிசல்ட் நானே சொல்லிடறேன் அக்கா."

என் வீட்டு மாடு, என் அப்பா. நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

சில வாரங்களில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. காலையில் விடும், சாயங்காலம் ஏறும். இடுப்பெல்லாம் வலி. திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நைனா புத்தூரில் பஸ் மாறி, தூக்குச் சட்டியில் நொய்க்கஞ்சி எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். என் ஆய்வகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. வார்டுக்கு வழி கேட்கத்தான் எனக்குப் போன் செய்தார்.

போனேன். என்னைவிடச் சின்னவள். கன்னம் ஒட்டிப்போய், தலையணையெல்லாம் வியர்வை. நைனா டம்ளரைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ரெண்டு வாய் குடிம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். காய்ச்சலில் கிடக்கிற ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"டைபாய்டுன்னு சொல்றாங்க அக்கா. மாட்டுக்கிட்டேயிருந்து வந்திருக்கும்னு சொன்னேன். டாக்டர் நவ்வுறாரு, சிரிக்கிறாரு" என்றாள். அவளே சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மாட்டின் சோதனை முடிவு என் போனில் இருந்தது. நேராக டியூட்டி டாக்டரிடம் போனேன். கிழிந்த கையுறையைப் பற்றிச் சொன்னேன். இது மெதுவாக வளரும் கிருமி, ரத்தத்தை வளர்க்க வைக்கும் தட்டைச் சீக்கிரம் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, உங்கள் ஆய்வகத்தில் இருப்பவர்களும் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும் என்றேன். நான் உரக்கப் பேசினேன். நைனா காதில் விழட்டும் என்றும்தான். அவரோ கஞ்சி டம்ளரைக் கழுவப் போயிருந்தார்.

டாக்டர் மறுக்காமல் ரத்தம் எடுக்கச் சொன்னார். புரூசெல்லாதான். பல வாரங்களுக்கு இரண்டு வகை மாத்திரை. காய்ச்சல் இறங்கியது. அவள் வேலைக்குத் திரும்பினாள்.

ஊரில் நைனா சொல்லிக்கொண்டிருந்த கதை வேறு. "டாக்டருங்களுக்கே தெரியல. தன் நோவைத் தானே கண்டுபுடிச்சிட்சி அந்தப் பொண்ணு."

போனிலேயே சண்டை போட்டேன். "நான் போய்ப் பேசினது ஒனக்குத் தெரியாதா நைனா?"

"அதான் அது சொல்லிட்சே. நீ இல்லன்னா இன்னும் படுத்துக்கினுதான் இருந்திருப்பேன்னு."

"அப்புறம் ஏன் ஊர்ல சொல்லல?"

"அது யாருமில்லாத ஊர்ல வந்து கெடக்குது. நீ எனக்குப் பொறந்தவ. ஒன்ன நானே இன்னாத்துக்குப் புகழ்ந்துக்கினு இருக்கறது?"

அதில் அன்பு இருக்கிறது என்று புரிந்தது. ஆனாலும் போதவில்லை.

போன மாதம் எங்கள் ஊரில் கிடேரிக் கன்றுகளுக்கு இந்த நோய்க்கான தடுப்பூசி போட்டார்கள். அந்த மருந்தில் இருப்பதும் உயிருள்ள கிருமிதான், ஊசி கையில் பட்டால் போடுகிறவருக்கே ஆபத்து. துணைக்கு வரச் சொல்லி அவள் கூப்பிட்டாள், போனேன். இருவரும் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டோம். நான் கன்றின் காதைப் பிடித்து அடக்க, அவள் போட்டாள். ஒரு கன்று துள்ளி உதைத்தபோது நைனா பதறிப்போய், "பாத்தும்மா!" என்று கத்தினார்.

இரண்டு பேரும் திரும்பினோம். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கன்றின் காதை விடாமல் பிடித்துக்கொண்டேன்.