குழாய்க்காரர் வீட்டு விருந்தாளிகள்

குழாய் ரிப்பேர்க்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் உயிர். அதைக் காப்பாற்றத்தான் தோட்டத்துப் புல்லை வெட்டாமல் விட்டிருந்தார். மனைவி கேட்டபோது, "வெட்டினா பட்டாம்பூச்சி வராதும்மா, எங்கயோ படிச்சேன்" என்று கூசாமல் சொன்னார். படித்தது உண்மை. பாதியிலேயே கண்ணயர்ந்ததும் உண்மை.

பட்டாம்பூச்சி நிஜமாகவே வந்தது. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். ஆனால் வந்தது சும்மா போகவில்லை. மனைவி தொட்டியில் பிள்ளையைப்போல் வளர்த்த எலுமிச்சைக் கன்றில் முட்டையிட்டுவிட்டுப் போனது. சில நாட்களில் கொழுத்த பச்சைப் புழுக்கள் கன்றைப் பாதி மொட்டையடித்துவிட்டன.

"எல்லாத்தையும் பொறுக்கி வெளிய போடப்போறேன்" என்றாள் மனைவி.

அவர் பதறினார். புழு போனால் பட்டாம்பூச்சி போகும். பட்டாம்பூச்சி போனால் புல் வெட்டாததற்குச் சாக்கும் போகும், தூக்கமும் போகும்.

"பாவம், அதுங்க எலுமிச்சை இலையைத் தவிர வேற எதையும் தொடாது."

"அப்ப ஊரெல்லாம் கேட்டு வாங்கிட்டு வந்து போடுங்க. கூப்பிட்டது நீங்கதானே, பந்தி போடறதும் நீங்கதான்."

புழுக்கள் அட்டைப்பெட்டிக்குக் குடிபெயர்ந்தன. இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியமும் அவர், குழாய் மாட்டிக்கொடுத்த வீடுகளின் வாசலில் இலைக்காக நிற்கிறார். ஒரு வீட்டம்மா, "இவ்வளவு எதுக்குப்பா, வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா?" என்று கேட்டார்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்றார் அவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "வயிறுதான் நிறைய மாட்டேங்குது."