பெருக்கல் குறிகளுக்கு அடியில்

ஜப்பானில் கோபே துறைமுகத்துக்கு மேலே ஏறும் சந்தில் சாவாயே காலுறை தைத்துப் பிழைத்தாள். கவிதை அவளுக்கு ஆகாது. புருஷன் தெய்ஸோ மருந்துக்கடைச் சிப்பந்தி. அவனுக்கோ கவிதைதான் சோறு. அவனும் கூட்டாளிகளும் நடத்திய பத்திரிகையில் எழுதியவர்கள் ஆறு பேர். படித்தவர்களும் ஏறக்குறைய அந்த ஆறு பேர்தான். அச்சான தாள்களை மடித்துக் காலுறை நூலால் தைத்துக் கொடுப்பவள் சாவாயே. திட்டிக்கொண்டே தைப்பாள்.

ஒரு இதழில் தெய்ஸோ 'பனி' என்று தலைப்புப் போட்டு, பக்கம் முழுக்கப் பெருக்கல் குறிகளாக நிரப்பியிருந்தான்.

"எழுத்தெல்லாம் தீர்ந்துபோச்சாக்கும்?" என்றாள்.

"பனி என்ன எழுத்துக்கூட்டியா விழுது? பேசாம தையேன்."

சீனாவில் சண்டை தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அரசாங்கத்துக்குப் பிடிக்காத வார்த்தையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெருக்கல் குறி வைப்பது அச்சகத்தாரின் பழைய வழக்கம். வாசகர்கள் குறிகளைப் பார்த்து வார்த்தையை ஊகித்துக்கொள்வார்கள். ஊருக்கே தெரிந்த இது நம் மேதாவிக்குத் தோன்றவில்லை. போலீசுக்குத் தோன்றியது. ஒரு பக்கம் நிறையக் குறி என்றால் ஒரு பக்கம் நிறையத் தேசத்துரோகம் என்று முடிவுகட்டி அவனைப் பிடித்துப்போனார்கள்.

மழைக்காலம் போய் இலையும் உதிர்ந்தது. குறிகளுக்கு அடியில் ஒன்றுமில்லை, அது வெறும் பனி என்றே தெய்ஸோ சொல்லிக்கொண்டிருந்தான். மாற்றுத்துணி கொடுக்கப் போன சாவாயேயிடம் அழுக்குச் சட்டையைத் திருப்பித் தந்தார்கள். முதுகுப் பக்கம் ரத்தம் காய்ந்திருந்தது.

விசாரணை அதிகாரி குவாபாரா சிரித்த முகத்தோடு தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உங்க வீட்டுக்காரர் சரியான பிடிவாதம்மா. அடியில என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா வழக்கை முடிச்சு அனுப்பிடலாம். நீங்கதானே தைச்சீங்க? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தாள். யாருக்கும் தீங்கில்லாத வார்த்தையாக இருக்க வேண்டும். மறுநாள் போய்த் தலை குனிந்து சொன்னாள்.

"சொல்லவே வெக்கமா இருக்குங்க. பக்கம் பூரா என் பேரைத்தான் எழுதியிருந்தார். ஊர் சிரிக்கும்னு நான்தான் மறைக்கச் சொன்னேன்."

குவாபாரா எழுதிக்கொண்டார். அவள் கட்டைவிரலில் மை தடவி அழுத்தினார். பிறகு தெய்ஸோவை வரவழைத்து வாசித்துக் காட்டினார். அவன் பாதியாக இளைத்திருந்தான்.

"உம் பெண்டாட்டி வாக்குமூலம். இது நிஜமா? பொய்யின்னா அவளையும் உள்ள வைக்கணும்."

தெய்ஸோ அவளையே பார்த்தான். அடித்தும் பணியாதவன் அந்த நொடியில் பணிந்தான்.

"நிஜந்தாங்க. அவ பேருதான்."

"அப்ப வீட்டுக்கு விட்டுடுவீங்கல்ல?" என்றாள் சாவாயே.

"எப்படிம்மா? ஒண்ணுமே இல்லைன்னு இத்தனை மாசம் சாதிச்சார். இப்ப அடியில வார்த்தை இருந்துச்சுன்னு அவரே ஒத்துக்கிட்டார். பெண்டாட்டி பேரை மறைக்கவா ஒருத்தன் இவ்வளவு அடி வாங்குவான்? வேற என்னவோ இருந்திருக்கு."

"ஐயா, நான் சொன்னது பொய். அது பனிதான். சத்தியமா பனிதான்."

"அவர் சொன்னதையே சொல்றீங்க," என்று குவாபாரா எழுந்துகொண்டார். தெய்ஸோவை மறுபடி உள்ளே கொண்டுபோனார்கள்.