மத்தியான ரேடியோவும் அடிவயிற்றுக் கட்டும்

பொன்னேரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வீட்டைச் சுற்றி நெல், நெல்லுக்குள் எப்போதும் குனிந்த முதுகுகள். எழுபதுகளில் அந்த முதுகுகளில் ஒன்று என்னுடையது. பையன் பிறந்த பிறகு என் அடிவயிற்றில் ஒரு வலி வந்து உட்கார்ந்தது. எழுந்தால் கூடவே எழும், நடந்தால் கூடவே நடக்கும், கணவர் பக்கத்தில் வந்தால் எனக்கு முன்னால் அது பயப்படும். ஆஸ்பத்திரியில் தொட்டுப் பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா" என்றார்கள். அந்த ஒன்றுமில்லாததைச் சுமந்துகொண்டு வரப்பில் நடப்பது எவ்வளவு கனம் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

மாமியாரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. பிள்ளை பெற்றவளின் வயிற்றைச் சுற்றிக் கட்டும் பழைய புடவைத் துணி. வேறு ஊர்களில் பிள்ளை தவழ்வதற்குள் அவிழ்த்துவிடுவார்களாம். எங்கள் தெருவில் நடவுக்குப் போகிறவள் அவிழ்ப்பதே இல்லை. வலித்தால் இறுக்குவோம், இன்னும் வலித்தால் இன்னும் இறுக்குவோம். காலையில் மாமியாரே என் முதுகில் முழங்காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போடுவார்.

அதற்கும் அடங்கவில்லை. அறுப்பு முடிந்ததும் என்னை மீஞ்சூருக்கு, அம்மா வீட்டுக்கு அனுப்புவதென்று முடிவானது.

"ஒடம்பு தேறிட்டு அப்பாலிக்கா வரட்டும்," என்றார் மாமனார். "பையன் நம்ம ஊட்லயே இருக்கட்டும்."

அப்படிப் போன பக்கத்து வீட்டுக்காரி திரும்பி வரவில்லை. அவள் அடுப்பில் இப்போது வேறொருத்தி சமைக்கிறாள். பையனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அடுப்புதான் ஞாபகம் வரும்.

தோல் உறை போட்ட டிரான்சிஸ்டர் மாமனாருடைய சொத்து. அவரைத் தவிர யாரும் திருகக்கூடாது. ஒரு மத்தியானம் உரத்தைப் பற்றிக் கேட்டுவிட்டு அணைக்காமலே தூங்கிப்போனார். பெட்டி தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. பெண்களுக்கான நிகழ்ச்சி. ஒரு டாக்டரம்மா.

"பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை."

புளி கரைத்துக்கொண்டிருந்த என் கை அப்படியே நின்றது. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

வலிக்குப் பயந்து அடிவயிற்றுத் தசை இறுகும், இறுகினால் வலி கூடும், துணியைக் கட்டி மேலும் இறுக்காதீர்கள் என்றார். படுத்து முழங்காலை மடக்குங்கள், வயிறு எழும்ப மூச்சை இழுங்கள், மெல்ல விடுங்கள். சிறுநீரை அடக்காதீர்கள். மீதி அடுத்த வாரம்.

"அந்தம்மா ஊட்ல கதவு வச்ச கக்கூஸ் இருக்கும்," என்றார் முறத்தோடு உட்கார்ந்திருந்த மாமியார். "நம்ப இருட்டற வரிக்கும் அடக்கிக்கினுதான கீறோம்." சொன்னாரே தவிர, முறம் அசையவில்லை.

"அத்த, இந்தக் கட்ட அவுத்துடட்டுமா?"

"அவுத்துட்டு வயிறு சரிஞ்சி கீழ வுழுந்தா நான் பொறுக்கிக் குடுக்கணுமா?"

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்தேன். துணி பதிந்த தடம் இடுப்பைச் சுற்றி ஓடியது. மூச்சை இழுத்தேன்; அது பாதி வழியில் நின்று, பிறகு தயங்கித் தயங்கி இறங்கியது, பூட்டிக் கிடந்த அறைக்குள் காற்று நுழைவதுபோல. வலி போகவில்லை. கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டது. அது போதும் என்று அழுதேன்.

அடுத்த வாரம் உரச் செய்தி முடிந்ததும் மாமனார் அணைக்கக் கையை நீட்டினார்.

"கைய எடுய்யா. அது ஓடட்டும்," என்றார் மாமியார்.

"பொம்பளைங்க சமாச்சாரம். எனுக்குக் கூச்சமா கீது."

"கூச்சமா இருந்தா போய் மாட்டப் பாரு."

அவர் போனார். மாமியார் பாயை விரித்து என்னைப் படுக்கச் சொல்லி, தானும் பக்கத்தில் படுத்தார். புடவைக்குள் கையை விட்டு உருவினார். நைந்து நிறம் போன ஒரு துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"உங்களுக்குமா அத்த?"

"உம் புருசன் பொறந்ததுலேந்து." கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாராண்ட சொல்றது. நீ பேசாம மூச்ச இயு."

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் கேட்டோம். கேட்டதைத் தினமும் செய்தோம். வலி சில நாள் வரும், சில நாள் வராது. வந்தாலும் முன்போல எஜமானாக வரவில்லை.

அறுப்பு முடிந்தது. யாரும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. என் டிரங்குப் பெட்டியை ஏற்றி, கணவர் மாட்டைப் பூட்டினார். பையன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமியார் வாசலுக்கு வந்து மகனைப் பார்த்தார்.

"வண்டிய அவுத்துடு நைனா."

"அப்பாதான..."

"உங்கப்பனா எங்கூட படுத்து மூச்சு உடுவாரு? இவ எங்கயும் போவல. பெட்டிய எறக்கு. எறக்கிட்டு, வைக்கப்போருக்குப் பின்னால நாலு ஓலத் தட்டி நட்டுக் குடு. பகல்ல அடக்கக்கூடாதாம்."

மாமனார் உள்ளேயிருந்து ஒரு முறை இருமினார். அவ்வளவுதான். கணவர் என் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை அடக்கத் தெரியாமல் மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயந்திரம் தட்டி நடும்போது கயிறு போதவில்லை. மாமியார் உள்ளே போய் எங்கள் இரண்டு பேருடைய துணிகளையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"இத்த வச்சி இறுக்கிக் கட்டு," என்றார்.