அம்மா வெட்டிய வேர்

நேற்று என் பெண் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். ஒரு செல் இரண்டாகிறது. குரோமோசோம்கள் நீலமும் சிவப்புமாக நடுவில் வரிசை கட்டி நின்று, இரண்டு பக்கமும் பிரிந்து போகின்றன. மொத்தம் ஒன்றரை நிமிஷம். "அவ்ளோதாம்மா, முடிஞ்சுது" என்றாள். அடிப்பாவி, இதைப் பார்க்க நான் பட்ட பாடு இருக்கிறதே!

அப்போது திருச்சியில் பி.எஸ்ஸி. தாவரவியல் கடைசி வருஷம். செய்முறைத் தேர்வுக்கு அவரவர் வேர்விட்ட வெங்காயம் ஒன்று கொண்டுவர வேண்டும். வேர்நுனியை வெட்டி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, குரோமோசோம்கள் பிரியும் கட்டத்தை மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஃபெயில்; எம்.எஸ்ஸி. கனவு அம்பேல். பொன்மலைப் பெண்களுக்கு வெங்காயம் ஒரு பொருட்டா? ஆசாரமான எங்கள் ஸ்ரீரங்கத்து வீட்டிலோ அது வாசற்படி ஏறியதே கிடையாது.

ஒரு வாரம் மன்றாடியபின் அப்பா, "கொல்லைக் குழாயடியைத் தாண்டப்படாது" என்று உத்தரவு கொடுத்தார். தண்ணீர் ஊற்றிய பழைய ஜாம் பாட்டிலின் வாயில் வெங்காயத்தை உட்கார்த்தி வைத்தேன். அம்மா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

தேர்வு மதியம். காலையில் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வெங்காயம் மழமழவென்று மொட்டையாக இருக்கிறது. பக்கத்தில் அம்மா, கையில் கத்திரிக்கோல், முகத்தில் பெருமை.

"என்னடீ இது, தாடியும் மீசையுமா! பரீட்சைக்குப் போறதாச்சே, லட்சணமா இருக்கட்டுமேன்னு வெட்டிட்டேன்."

பிறந்ததிலிருந்து வெங்காயத்தைத் தொடாதவள் எனக்காகத் தொட்டிருக்கிறாள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "உன்னை யாரு தொடச் சொன்னா? என் படிப்பையே கெடுத்துட்டியே!" என்று கத்தினேன். அம்மா மறுபடி தலைக்குக் குளிக்கப் போனாள்.

வெட்டிய வேர்களை, அப்பா வந்து கொட்டட்டும் என்று கொட்டாங்கச்சித் தண்ணீரில் போட்டு வைத்திருந்தாள். அவற்றை ஒரு மருந்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டு உடனே கல்லூரிக்குச் சத்திரம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலம் முழுக்க அழுகைதான். கல்லூரி லேப் உதவியாளர் பாட்டிலைப் பார்த்தார். "இதுக்கா அழுவுறீங்க? இந்த மருந்துல போட்டா வேர்ல செல்லெல்லாம் இப்ப இருக்குறபடியே நின்னுடும், கவலப்படாதீங்க" என்று ஸ்பிரிட்டும் அமிலமும் கலந்த குப்பிக்குள் போட்டுக் கொடுத்தார்.

மதியம் வேர் வெட்டியவர்களின் தகடுகளில் செல்லெல்லாம் உண்ட மயக்கத்தில் கிடந்தன. என் தகட்டிலோ திருவிழா! செல் பிரியும்போது, ஒட்டிப் பிறந்த இரட்டைகளாக நிற்கும் குரோமோசோம்களை இரு முனையிலிருந்தும் இழைகள் பற்றிக்கொள்கின்றன. ஒரு ஜோடி பாக்கியிருந்தாலும் பிரிவு தொடங்காது; கடைசி ஆள் ஏறாமல் விசில் கொடுக்காத கண்டக்டர் மாதிரி. எல்லாம் பிடிபட்டதும் கட்டு அறுந்து, இரட்டைகள் ஆளுக்கொரு பக்கம் போகின்றன. அந்தக் கணத்தில் நின்றுபோன செல்கள் எனக்கு நாலைந்து கிடைத்தன.

தேர்வாளர் என் மைக்ராஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தார். "காலையிலேயே வெட்டிட்டீங்களா? செல் பிரியறது காலையிலதான் ஜாஸ்தின்னு யார் சொன்னாங்க?"

"நானேதான் யோசிச்சேன் சார்." கொஞ்சமும் கூசவில்லை எனக்கு.

வீட்டில் அம்மா சாப்பிடாமல் காத்திருந்தாள். "என்னால கெட்டுப்போயிடுத்தாடீ?"

"எப்படியோ சமாளிச்சேன், போ."

வகுப்பிலேயே முதல் மார்க் வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "இவ படிப்பை நான் கெடுக்கப் பாத்தேன், சமத்து, தப்பிச்சுட்டா" என்பாள். நானும் பெருந்தன்மையாகச் சிரித்து வைப்பேன்.

அந்த லேப் இப்போது கம்ப்யூட்டர் அறை. எங்கள் கொல்லையில் அடுக்குமாடிக்காரர்களின் கார்கள் நிற்கின்றன. அதெல்லாம் போனால் போகட்டும். அம்மா போய் நாலு வருஷமாகிறது. தான் என் படிப்பைக் கெடுக்கப் பார்த்தவள் என்று நம்பிக்கொண்டேதான் போனாள்.